ஜலஜா ஆன்ட்டியின் பாலே கட்

நியூ ஜெர்சித் தமிழர்களுக்குள் பழிவாங்குவது சுலபமான காரியம் இல்லை. யாரைப் பழிவாங்க வேண்டுமோ அவர்தான் போன மாதம் நம் அப்பாவை நெவார்க் ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வந்திருப்பார். அவர் வீட்டுப் பெரிய இட்லிக் குக்கர் நம் கராஜில் இருக்கும். முதலில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இங்கே பெரும்பாலான பகைகள் அந்தக் கட்டத்தைத் தாண்டுவதே இல்லை.

என் பகை தாண்டியது. குக்கரை ஜனவரி முதல் வாரமே கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பகைக்கு உரியவர் ஜலஜா ஆன்ட்டி. பிரிட்ஜ்வாட்டரில், பெருமாள் கோயிலிலிருந்து ஐந்து நிமிட டிரைவில் வீடு. மேலே குடும்பம், பேஸ்மென்டில் பொட்டீக். ராரிட்டன் வேலி தமிழ் மன்றத்தின் கலாசாரச் செயலாளரும் அவர்தான். அந்தப் பதவிக்குத் தேர்தல் உண்டு. அதை நேரில் பார்த்தவர்கள்தான் இல்லை.

பாதிக்கப்பட்டவள் என் தங்கை விஷாகா. ஹைஸ்கூல் கடைசி வருஷம். ஊரில் உள்ள பெண்களெல்லாம் பரதநாட்டியத்துக்குப் போனபோது இவள் பாலேவுக்குப் போனாள். காரணம் கலைத்தாகம் இல்லை. பாலே ஸ்டூடியோ இந்தியன் கிராசரிக்குப் பக்கத்துக் கடை. அம்மாவுக்கு ஒரே பார்க்கிங்கில் இரண்டு வேலை முடிந்தது.

பன்னிரண்டு வயதில் ஸ்கூல் நர்ஸ் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி முன்னால் குனியச் சொன்னார். விஷாகா குனிந்தபோது முதுகின் வலது பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தது. ஸ்கோலியோசிஸ். முதுகெலும்பு வளைந்திருக்கிறது. மூன்று வருஷம் சட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் கூண்டு மாட்டிக்கொண்டு திரிந்தாள். வளைவு அதற்கு மேல் போகவில்லை, போன வரைக்கும் தங்கிவிட்டது. வலது தோள் கொஞ்சம் உயரம், இடது இடுப்பு கொஞ்சம் உயரம். ஆடுவதற்கு அது ஒரு தடையும் இல்லை.

அம்மாவுக்குத்தான் தடை. எங்கள் வீட்டில் இது ராணுவ ரகசியம் ஆனது. "ஏன் எப்பப் பாத்தாலும் தொளதொளன்னு ஸ்வெட்ஷர்ட்?" என்று யாராவது கேட்டால், "அவளுக்குக் குளிர் தாங்காது" என்பார் அம்மா, ஜூலை மாதத்தில். டெக்சாஸிலோ பே ஏரியாவிலோ உட்கார்ந்திருக்கும், இன்னும் அடையாளம் தெரியாத ஏதோ ஒரு மாமியாருக்கு விஷயம் போய்விடக் கூடாது.

விஷாகா தையல் கற்றுக்கொண்டதும் இதனால்தான். ஸ்டூடியோ கொடுக்கும் காஸ்ட்யூம் எதுவும் அவள் மேல் நேராக நிற்காது. பிரிப்பாள், ஒரு பக்கம் இறக்குவாள், ஒரு பக்கம் பஞ்சு வைப்பாள், திரும்பத் தைப்பாள். மேடையில் பார்த்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். ஆட்டம் முடிந்து வணக்கம் சொல்லும்போது மட்டும் முழங்காலை மடக்குவாளே தவிர முதுகை வளைத்துக் குனியவே மாட்டாள். "என்ன திமிர் இந்தப் பொண்ணுக்கு" என்று டீச்சர் நினைத்திருக்கலாம். துணியை எவ்வளவு நன்றாக வெட்டினாலும், குனிந்தால் முதுகு உண்மையைச் சொல்லிவிடும்.

போன ஆகஸ்டில் தீபாவளி நிகழ்ச்சிக்கு ஆடிஷன். அம்மாவின் கல்யாணப் புடவை, அரக்குப் பட்டு, மடிப்பில் கிழிந்து பீரோவில் கிடந்தது. விஷாகா அதை வெட்டி மேல்கச்சு தைத்தாள். கீழே மணி மாதிரி விரியும் வலைத்துணிப் பாவாடை, அரக்கில் தொடங்கி அடுக்கடுக்காக வெளுத்து, கடைசி அடுக்கு சாதத்தின் நிறம். புடவையின் ஜரிகை பார்டரைத் தலைகீழாகத் திருப்பி இடுப்பில் வைத்தாள். நான் அவளைப் பாராட்டுகிற வழக்கம் இல்லாதவன். அன்றைக்கு வாயைத் திறக்காமல் நின்றேன். அவளுக்கு அது புரிந்தது.

ஜலஜா ஆன்ட்டிக்கும் புரிந்தது.

"சூப்பர்டா கண்ணா. ஆனா பாவாடைக்குக் கீழ கால் தெரியுதே? நம்மது ஃபேமிலி ஆடியன்ஸ். டிரெஸ்ஸ இங்கயே வெச்சிட்டுப் போ. கமிட்டி டிஸ்கஸ் பண்ணிட்டுச் சொல்றோம்."

கமிட்டி ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை டிஸ்கஸ் பண்ணியது. நடுவில் கமிட்டி ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போய்விட்டு வந்தது. பிறகு முடியாது என்றது. டிரெஸ் திரும்பி வந்தபோது அதில் தையல் மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது. தீபாவளி மேடையில் விஷாகாவின் இடத்தில் ஒரு சினிமாக் குத்துப்பாட்டு ஆடினார்கள். அதில் கால் தெரியவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது.

கிறிஸ்துமஸ் கழிந்து வாட்ஸப்பில் அறிவிப்பு வந்தது. 'அன்னம் கலெக்‌ஷன். பாலேயும் பாரம்பரியமும் சந்திக்கும் இடம்.' படத்தில் லெஹெங்கா. அரக்குப் பட்டு மேல்கச்சு. அடுக்கடுக்காக வெளுக்கும் வலைத்துணி. இடுப்பில் தலைகீழ் ஜரிகை. ஒரே ஒரு மாற்றம், பாவாடை தரை வரை நீண்டிருந்தது.

விஷாகா அழவில்லை. நேராக மாடிக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாள். நியூயார்க்கில் காஸ்ட்யூம் டிசைன் படிக்க அப்ளை பண்ணிக்கொண்டிருந்தாள். பிப்ரவரி முதல் தேதிக்குள் போர்ட்ஃபோலியோ அனுப்ப வேண்டும். அதன் கடைசிப் படம் அந்த டிரெஸ்தான். மற்றதெல்லாம் அதற்கு முன்னுரை. அந்தப் படத்தை எடுத்துவிட்டாள்.

"ஏய், என்ன பண்றே?"

"இன்ஸ்டாகிராம்ல அவங்க பேர்ல இருக்கு, முகுந்த். இதப் பாக்கறவங்க நான்தான் காப்பி அடிச்சேன்னு நினைப்பாங்க."

"இது உன்னோடதுன்னு சொல்லு."

அம்மா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "எப்படிடா சொல்லுவா? எல்லாரும், டிசைன்தானே, யாருக்கு வேணா தோணலாம்னு சொல்லுவாங்க. இது இவ அளவுக்குத் தெச்சதுன்னு ப்ரூவ் பண்ணணும். அப்பறம் ஏன் அப்படி ஒரு அளவுன்னு கேப்பாங்க."

நாங்கள் கீழே இறங்கியதும் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "விட்டுடுங்கப்பா. அந்தம்மாதான் என்னை ஏர்போர்ட்லேர்ந்து கூட்டிண்டு வந்தா" என்றார்.

அன்று மாலைதான் இட்லிக் குக்கரைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

குக்கரோடு போனபோது ஆன்ட்டி என்னைப் பேஸ்மென்டில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். மன்ற நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கும் எம்.சி. நான்தான். தமிழ் பேசத் தெரிந்த காலேஜ் பையன் என்பதால் இந்தப் பதவிக்கும் தேர்தல் கிடையாது.

"முகுந்த் கண்ணா, இந்தப் பொங்கலுக்கு என் அன்னம் கலெக்‌ஷன் ராம்ப் வாக். வாங்கினவங்களே நடக்கறாங்க. அதுக்கு முன்னாடி நீ பாலே டிரெஸ் ஹிஸ்டரி பேசணும். அது எப்படி மாறி மாறி வந்துச்சு, நாம டெய்லி போடற டிரெஸ்ல எப்படி நுழைஞ்சுச்சு, எல்லாம்."

"அரசவைல ஆரம்பிச்சு உங்க பேஸ்மென்ட்ல முடிக்கணும்."

"அதான்! உனக்குச் சொல்லவே வேண்டாம்."

"சாம்பிள் எங்கேர்ந்து ஆன்ட்டி?"

"பாரிஸ்."

"பாரிஸ்ல அரக்குப் பட்டு கிடைக்குதா?"

"இப்பல்லாம் எங்கதான் கிடைக்கல." ஆன்ட்டி காபிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டார். பெருமை வந்துவிட்டால் அவருக்கு வாயில் பிரேக் பிடிக்காது. "நம்ம தி.நகர் டெய்லர் செல்வராஜ் இருக்கானே, போன வாட்டி பிளவுஸ்ல அவனா ஏதோ இம்ப்ரூவ்மென்ட் பண்ணிட்டான். அதனால இந்தத் தடவை கறாராச் சொல்லிட்டேன். இத அளவு ஜாக்கெட்டா வெச்சுக்கோ, சைஸ் பெரிசு சின்னது பண்ணு, மத்தபடி ஒரு நூல் மாத்தாதேன்னு. போன் பண்ணி, 'மேடம், ஒரு பக்கம் இறக்கமா இருக்கே'ங்கறான். 'அது பாலே கட்டுப்பா, உனக்குத் தெரியாது, இருக்கற மாதிரியே தை'ன்னேன்."

நான் காபியைக் கீழே வைத்தேன். அந்த நிமிடம் எனக்குக் கடவுள் நம்பிக்கை வந்தது.

சுவர் ஓரமாக ரேக்கில் லெஹெங்காக்கள் தொங்கின. இப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் இடது பக்கம் பாவாடை ஒரு அங்குலத்துக்கு மேல் இறக்கம், வலது தோள் ஏற்றம். எக்ஸ்ட்ரா ஸ்மாலிலிருந்து டபுள் எக்ஸெல் வரை, ரேக் முழுக்க என் தங்கையின் முதுகு தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு எந்த ஸ்பீடில் டிரைவ் பண்ணினேன் என்று எழுதுவது இன்ஷூரன்ஸுக்கு நல்லதல்ல. விஷாகாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். மேடையில் மைக்கைப் பிடித்து உண்மையை எப்படிப் போட்டு உடைக்கப் போகிறேன், எந்த இடத்தில் எக்ஸ்ரேயை ஸ்க்ரீனில் போடப் போகிறேன் என்பது வரை சொன்னேன்.

"நோ."

"ஏன்டி? கையும் களவுமா மாட்டியிருக்காங்க."

"மைக்ல 'ஸ்பைன்'னு ஒரு வார்த்தை சொன்னே, அப்பறம் லைஃப்ல உன்கூடப் பேச மாட்டேன். இது என் முதுகு, முகுந்த். உன் பஞ்ச்லைன் இல்ல."

கதவைச் சாத்திவிட்டாள். ஊரிலேயே பெரிய பட்டாசு என் கையில். தீப்பெட்டி அவள் கையில்.

வேறு வழியில்லாமல் ஸ்க்ரிப்ட் எழுதினேன். அதில் ஜலஜா ஆன்ட்டியின் மீது சின்னச் சின்ன முட்களாகப் போட்டுக்கொண்டே வந்தேன். யாருக்கும் புரியாது என்று தெரியும். ஆயினும் கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

அதற்குள் லெஹெங்கா வாங்கியவர்கள் வீட்டில் போட்டுப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பார்சிப்பனியில் முதுகெலும்பை நீவிச் சரிசெய்யும் ஒரு கைரோபிராக்டரிடம் மன்றத்து ஆன்ட்டிகள் தனித்தனியாக அப்பாயின்ட்மென்ட் வாங்குவதாகக் கேள்விப்பட்டேன். ஒருவர் காரை நிறுத்தும்போது இன்னொருவர் கிளம்புவாராம். இருவரும், "சும்மா, ஹஸ்பண்டுக்காக வந்தேன்" என்பார்களாம். என்ன விஷயம் என்று எங்களுக்குச் சனிக்கிழமை தெரிந்தது.

பக்கத்துத் தெரு பவதாரணி அக்கா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பார்மசிஸ்ட். அவருடைய இரண்டு பிள்ளைகளை விஷாகாதான் வார இறுதியில் பார்த்துக்கொள்வாள். கையில் துணிப்பை. பைக்குள் அன்னம்.

"விஷாகா, நீர் தைக்கிறனீர்தானே? இதை ஒருக்காப் பாரும். இடப்பக்கம் நிலத்தைக் கூட்டுது. மற்றப்பக்கம் தோளால வழுகுது."

"ஜலஜா ஆன்ட்டிகிட்டக் கேட்டீங்களா அக்கா?"

"கேட்டனான். உடுப்பில ஒரு பிழையும் இல்லையாம். பாரிஸ் அளவாம். ரெண்டு பிள்ளை பெத்த பிறகு என்ர இடுப்புத்தான் கோணிப் போச்சாம்." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "கண்ணாடிக்கு முன்னால நிண்டு கன நேரம் பாத்தனான். உண்மையாத்தான் போல கிடக்கு. வேலைக்குப் போகேக்கையும் அதே நினைப்பு. ஆரிட்டையும் சொல்லிப்போடாதையும், என்ன?"

விஷாகா அவரைக் கண்ணாடி முன் நிறுத்தினாள். பின்னால் நின்று இரண்டு கைகளையும் அவர் இடுப்பின் இரு பக்கமும் வைத்தாள். எங்கள் டாக்டர் அவளை முதன்முதலில் அப்படித்தான் நிறுத்திப் பார்த்தார்.

"அக்கா, நீங்க ஸ்ட்ரெய்ட். கம்ப்ளீட்லி ஸ்ட்ரெய்ட்."

"ஆறுதலுக்குச் சொல்லாதையும்."

"ஆறுதல் இல்ல. எனக்குக் கோணல் எப்படி இருக்கும்னு தெரியும்." துணிப்பையை எடுத்துக்கொண்டாள். "இது என்கிட்ட இருக்கட்டும். ஷோ அன்னைக்கு நீங்க நடக்க வேண்டாம். ஓகேயா?"

அக்கா போனதும் விஷாகா என் அறைக்கு வந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் கோபத்துக்கு நான்தான் பொறுப்பாளன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒரு டாக்டர் எக்ஸ்ரே வெச்சு சொன்னாரு. இவங்களுக்கு ஒரு பொட்டீக் ஆன்ட்டி சொல்லியிருக்காங்க. ரிட்டர்ன் எடுக்கக் கூடாதுங்கறதுக்காக." கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "என் முதுக வித்துட்டு, வாங்கினவங்ககிட்டப் போய் உங்க முதுகு சரியில்லன்னு... ஹூ டஸ் தட்?"

நான் எழுதிக்கொண்டிருந்த ஸ்க்ரிப்டை மூடினேன்.

"உனக்கு இன்னும் ரிவெஞ்ச் வேணுமா?"

"இட்லிக் குக்கரத் திருப்பிக் கொடுத்தாச்சு."

"ஸ்க்ரிப்ட்ல கடைசி பாரா காலியா விடு. நான் வரேன். நான் தலையாட்டினாத்தான் நீ பேசணும்."

பொங்கல் விழா ஒரு ஹைஸ்கூல் ஆடிட்டோரியத்தில். கஃபடேரியாவிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வாசனை வந்து எல்லாரையும் பொறுமை இழக்க வைத்துக்கொண்டிருந்தது. முன் வரிசையில் மயில் நீலத்தில் ஜலஜா ஆன்ட்டி, மடியில் தனக்கென ஒரு மைக். ஐந்தாவது வரிசையில் அம்மாவும் அப்பாவும். விஷாகா என்ன செய்யப் போகிறாள் என்று அம்மாவுக்குத் தெரியாது.

நான் தொண்டையைச் செருமினேன்.

"மகா ஜனங்களே, முன்னொரு காலத்தில் அரசவையில் பாலே ஆடிய பெண்கள் தரையைப் பெருக்கும் கவுனும், மூச்சு முட்டும் உள்கச்சும், ஹீல்ஸும் போட்டு ஆடினார்கள். கால் என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிறகு ஒருத்தி பாவாடையைக் கணுக்கால் தெரிகிற மாதிரி வெட்டினாள். ஹீல்ஸைக் கழற்றினாள். ஃபேமிலி ஆடியன்ஸ் அதிர்ந்தது. அவள் டிரெஸ்ஸைக் கமிட்டி வாங்கி வைத்துக்கொண்டதா என்று வரலாற்றில் இல்லை."

சிலர் சிரித்தார்கள். ஜலஜா ஆன்ட்டியும் சிரித்தார். லெஹெங்கா அணிந்த பெண்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, நடந்து, பின்னால் வரிசையாக நிற்க ஆரம்பித்தார்கள்.

"அப்புறம் வெள்ளை வலைத்துணி வந்தது. மேடை ஓரத்தில் காஸ் விளக்கு. அந்தத் துணியில் தீப்பிடித்துச் செத்த பெண்கள் உண்டு. தீப்பிடிக்காத மருந்து போட்ட துணி விறைப்பாக இருக்கிறது என்று அதை வேண்டாம் என்றவர்களும் உண்டு. அழகான டிரெஸ் பற்றி யாராவது பேசினால், உள்ளே யார் எரிந்தார்கள் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, பாவாடை ஏறி ஏறி இடுப்பில் தட்டு மாதிரி நின்றது. இரண்டாம் உலகப் போரில் இந்த நாட்டில் தோல் செருப்புக்கு ரேஷன். பாலே ஷூவுக்கு ரேஷன் இல்லை. அதற்குக் கெட்டியான அடிப்பாகம் வைத்துத் தெருவில் நடக்கவிட்டார்கள். முன் வரிசையில் பாதிப் பேர் காலில் இருக்கும் ஃபிளாட்ஸ் அப்படி வந்ததுதான். ஒத்திகைக்குப் போட்ட டைட்ஸும் லெக் வார்மரும் எண்பதுகளில் ஜிம்முக்குப் போயின. அதன் வாரிசுதான் உங்கள் குர்த்திக்குக் கீழே இருக்கும் லெகிங்ஸ். நீங்கள் யாரும் பாலே ஆடியதில்லை. ஆனால் கோயில் கியூவில் பாலே டிரெஸ்ஸில்தான் நிற்கிறீர்கள்."

இதற்குள் வரிசை முழுதாக நின்றுவிட்டது. தனித்தனியே நடந்தபோது சேஃப்டி பின் குத்தியும் கையால் பிடித்தும் சமாளித்துவிட்டார்கள். இப்போது பக்கத்தில் பக்கத்தில் நின்றதும் மறைக்க இடமில்லை. எல்லாருக்கும் இடது பக்கம் இறக்கம். எல்லாருக்கும் வலது தோளில் நழுவல். ஒருத்தி மட்டும் என்றால் அவள் இடுப்பைச் சந்தேகப்படலாம். ஒரு வரிசையே சாய்ந்து நின்றால் டெய்லரைத்தான் கேட்க வேண்டும்.

"என்னய்யா, ஸ்டேஜே ஒரு பக்கமா சாஞ்சிருக்கு?" என்று நடு வரிசையிலிருந்து நஞ்சுண்டன் அங்கிளின் குரல் வந்தது. சிவில் இன்ஜினியர். தலையைச் சாய்த்துச் சாய்த்து அளவெடுத்துக்கொண்டிருந்தார். "ஃப்ளோர் லெவல் செக் பண்ணாங்களா?"

"ஃப்ளோர் சரியா இருக்கு அங்கிள்" என்றேன். "கடைசியாக ஒருவர்."

விஷாகா வந்தாள். பவதாரணி அக்காவின் அதே லெஹெங்கா. அதே ரேக், அதே டெய்லர். மெதுவாக நடந்து மேடையின் நடுவில் நின்றாள். பாவாடையின் விளிம்பு தரைக்கு மேலே ஒரே மட்டமாக நின்றது. தோள் நழுவவில்லை. தலைகீழ் ஜரிகை இடுப்பைச் சுற்றி வரப்பு மாதிரி ஓடியது.

ஹாலில் தலைகள் வரிசைக்கும் அவளுக்குமாக மாறி மாறித் திரும்பின. பிறகு யாரோ ஒரு ஆன்ட்டி சத்தமாகவே கேட்டார்: "இவளுக்கு மட்டும் எப்படிடீ நேரா நிக்குது?"

ஜலஜா ஆன்ட்டியைக் குறைத்து மதிப்பிட்டவர்கள் யாரும் இந்த ஊரில் செயலாளர் ஆனதில்லை. சட்டென்று எழுந்து மைக்கைப் பிடித்தார். "சர்ப்ரைஸ்! நம்ம விஷாகாதான் என் ஃபிட் மாடல்! கைதட்டுங்க எல்லாரும்!"

கைதட்டினார்கள். இந்த ஊரில் மைக்கில் சொன்னால் கைதட்டுவார்கள்.

நான் விஷாகாவைப் பார்த்தேன். தலையாட்டினாள்.

"அப்படியா ஆன்ட்டி? இவளுக்குத்தான் அளவெடுத்தீங்களா?"

"ஆமா கண்ணா. இஞ்ச் இஞ்சா, என் கையால."

"பாரிஸ் சாம்பிள்னு சொன்னீங்களே."

"அது இன்ஸ்பிரேஷன். அளவு இவளோடது."

"சரி. அளவெடுத்த உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. இவளுக்கு எந்தப் பக்கம் இறக்கம்?"

"இறக்கமா?" ஆன்ட்டி சிரித்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்னடா கேள்வி இது? பொண்ணு அம்பு மாதிரி நேரா நிக்கிறா பாரு!"

விஷாகா என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அவள் மேடையில் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை.

"தேங்க் யூ ஆன்ட்டி. நான் நேரா இல்ல. இந்த டிரெஸ்ஸோட ஒரிஜினல் நான் தெச்சது, எனக்காக. ஆகஸ்ட்ல உங்க கமிட்டிகிட்டக் கொடுத்தேன்." திரும்பி, பின்னால் நின்ற பெண்களைப் பார்த்தாள். "இங்க நிக்கறவங்க யாருக்கும் இடுப்பு கோணல் இல்ல. நீங்க எல்லாரும் என் அளவப் போட்டுட்டு நிக்கறீங்க. அவ்வளவுதான். சாரி. என்னைக் கேட்டிருந்தா உங்க அளவுக்குத் தெச்சிருப்பேன்."

மைக்கை என்னிடம் கொடுத்தாள். பிறகு அந்தப் பெண்களுக்கு வணக்கம் சொன்னாள். வழக்கம்போல முழங்காலை மட்டும் மடக்கும் வணக்கம் இல்லை. கால்களைச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு, தலை கீழே போகும் வரை குனிந்தாள். சபைக்கு அவள் முதுகு தெரிந்தது. நடுத் தையல், நிற்கும்போது நேராக இருந்த அதே தையல், ஆறு வளைகிற மாதிரி வளைந்தது. வலது பக்கம் மேடு எழும்பியது.

மன்றத்தில் பாதிப் பேர் டாக்டர்கள். மூன்று வெவ்வேறு வரிசைகளிலிருந்து ஒரே நேரத்தில், "ஸ்கோலியோசிஸ்" என்று குரல் வந்தது. ஒருவர் எத்தனை டிகிரி என்றுகூடச் சொன்னார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். ஐந்து வருஷ ராணுவ ரகசியம் ஆடிட்டோரியம் லைட்டில் குனிந்து நிற்கிறது. அம்மா எழுந்துவிட்டார். போச்சு, வெளியே போகப் போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த பார்டர் என் கல்யாணப் புடவை பார்டர்!" என்று கத்தினார் அம்மா. மைக் தேவைப்படவில்லை. "அதத் தலைகீழா வெச்சது என் பொண்ணு! தலைகீழா வெச்சதக்கூட விடாம காப்பி அடிச்சிருக்கே ஜலஜா!"

அப்பா அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார்.

மேடையில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர், "உங்களையும் சொன்னாங்களா?" என்றார். "டெலிவரிக்கு அப்பறம்னு சொன்னா." "எனக்கு மெனோபாஸுன்னா." "எனக்கு உக்கார்ற சேர் சரியில்லன்னு." முதலில் அவர்கள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அது அதிக நேரம் தங்கவில்லை. அதற்கு அடுத்து வந்ததைப் பார்த்தபோதுதான், பழிவாங்குவதில் நான் இன்னும் எல்.கே.ஜி. என்று புரிந்தது. எல்லாருமாக மேடைப் படியில் இறங்கினார்கள். இடது பக்கப் பாவாடைகள் தரையைக் கூட்டிக்கொண்டே முன் வரிசையை நோக்கிப் போயின.

ஜலஜா ஆன்ட்டி மைக்கை ஆஃப் பண்ண மறந்துவிட்டார். அதனால் அடுத்து நடந்ததை கஃபடேரியாவில் பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தவர்களும் கேட்டார்கள்.

வீடியோவை நான் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் பலர். அன்று சாயங்காலத்துக்குள் ஹூஸ்டன் ஹில்கிராஃப்டில் கடை வைத்திருக்கும் சித்தப்பாவும் பே ஏரியா அத்தையும் பார்த்துவிட்டார்கள். அடையாளம் தெரியாத அந்த மாமியாரும் பார்த்திருப்பார். பார்க்கட்டும். நான் செய்ததெல்லாம் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து மன்றத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றியதுதான். எம்.சி.க்கு அந்தப் பாஸ்வேர்டு தெரியும்.

விஷாகா போர்ட்ஃபோலியோவில் அந்தப் படத்தைத் திரும்பச் சேர்த்தாள். அதற்குப் பிறகு இன்னொன்றும் சேர்த்தாள். மேடையில் பின்னாலிருந்து எடுத்தது, குனிந்த முதுகு, வளைந்த தையல். கீழே தன் பெயர்.

ஜலஜா ஆன்ட்டி போன வாரம் போனில் கூப்பிட்டார். குரலில் சர்க்கரை கம்மி.

"முகுந்த் கண்ணா, நடந்தது நடந்து போச்சு. வித்தத எல்லாம் திருப்பி எடுத்துக்கறேன்னு சொல்லிட்டேன். அந்த வீடியோவ மட்டும் எடுத்துடேன்ப்பா. கஸ்டமர் ஒருத்தர்கூட வரதில்ல."

நான் எங்கள் பேஸ்மென்டில் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விஷாகா வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு பவதாரணி அக்காவின் பாவாடையை அவர் அளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். அம்மா நாற்காலியில் ஏறி நின்று, இன்னும் வரிசையில் காத்திருக்கும் அன்னங்களை ஹேங்கரில் மாட்டிக்கொண்டிருந்தார். விஷாகா ஸ்வெட்ஷர்ட் போடவில்லை.

"கமிட்டி டிஸ்கஸ் பண்ணிட்டுச் சொல்றோம், ஆன்ட்டி" என்றேன்.

"எந்தக் கமிட்டிடா? எப்பச் சொல்வீங்க?"

ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். விஷாகா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள்.

"ஆகஸ்ட்ல ஆரம்பிக்கறோம், ஆன்ட்டி" என்றாள்.